மலைமேல் ஒரு விசில்

ஊர் நடுவில் ஒரே கல். உயரம் சுமார் 65 மீட்டர். அதைச் சுற்றிக் கடைவீதி, வீடுகள், லாட்ஜ், கல்யாண மண்டபம். கல் யாருக்கும் வழிவிட்டதில்லை. தெருக்கள்தான் வளைந்து போகின்றன.

கல்லின் பெயர் நாமகிரி. ஊரின் பெயர் நாமக்கல். அதற்கு முந்தைய பெயர் ஆரைக்கல். பேர் மாறியபோதும் ஊர் கல்லை விடவில்லை.

உச்சியில் கோட்டை. பரப்பு ஒன்றரை ஏக்கர் தேறும். கீழேயிருந்து பார்த்தால், பாறை உருமால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மாசி மாத ஞாயிறு. காலை.

பாறையடியில் ஒரு எக்ஸெல் வண்டி வந்து நிற்கிறது. காவலாளி இறங்குகிறார். காக்கிச் சட்டை, காலர் வெளுத்தது. கழுத்தில் சிவப்புக் கயிறு. கயிற்றின் முனையில் விசில். ஹேண்டில்பாரில் தூக்குப்போசி.

கம்பிக் கதவைத் திறக்கிறார். பூட்டைச் சட்டைப்பையில் போடுகிறார். சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது.

1768-இல் ஆங்கிலேயக் கர்னல் உட் இந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி திரும்ப எடுத்துக்கொண்டார். இன்றைய தேதியில் கோட்டையின் படைபலம் ஒரு விசில்.

கதவருகே நீல அறிவிப்புப் பலகை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பலகையின் நீலத்தில் சாவியால் கீறிய ஓர் இதயம். அதற்குள் ஒரு எஸ். ஒரு கூட்டல் குறி. ஒரு கே.

காவலாளி துண்டால் பலகையைத் துடைக்கிறார். இதயத்தையும் துடைக்கிறார். தூசி மட்டும் போகிறது.

அதே சட்டப்படி, சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 100 எங்கே முடிகிறது என்று தரையில் கோடு இல்லை. எதிரே தள்ளுவண்டியில் கம்மங்கூழ். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது. அது கட்டடம் இல்லை.

படிகள் தென்மேற்கில். பாறையிலேயே வெட்டியவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஒன்று சாண் உயரம். அடுத்தது முழங்கால் வரை. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன. குழிவில் கால் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் வருகிறவர்கள் மூன்று பேர். மூவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. மூவருக்கும் சர்க்கரை. வேட்டி, அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. ஏறும்போது பேச்சில்லை. உதடுகள் மட்டும் அசைகின்றன. படிகளை எண்ணுகிறார்கள்.

மேலே போய் எண்ணிக்கையை ஒப்பிடுகிறார்கள். மூன்று எண்கள். முதலாமவர் பாறைச் சரிவில் பாதி வெட்டிய பள்ளத்தையும் படி என்கிறார். இரண்டாமவர் அது படியல்ல, வெறும் கல் என்கிறார். மூன்றாமவர் பாதியில் மகளின் போன் வந்ததால் தன் எண்ணைக் கைவிடுகிறார்.

பிறகு முட்டைக்கு வருகிறார்கள்.

“நேத்து அஞ்சு பைசா எறக்கிட்டானுங்க.”

“தை முடிஞ்சாலே எறங்கும்.”

“தீவனம் எறங்குதா?”

பதில் இல்லை. கிழக்கே கொல்லிமலை விளிம்பில் வெயில். எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட மலை. இங்கிருந்து பார்த்தால் ஒரு வளைவும் தெரிவதில்லை. நீலமாக ஒரு சுவர்.

கீழே ஊர் விழித்துக்கொள்கிறது. முட்டை வண்டி ஒன்று திருச்சி சாலையில் திரும்புகிறது. அட்டைமேல் அட்டை. அட்டைக்கு 30 முட்டை. கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறது. வேகத்தடைக்கு முன் வண்டி நிற்பதுபோல் மெதுவாகிறது. பின்னால் வந்த பேருந்து ஹாரனை அமுக்குகிறது. முட்டை வண்டி அவசரப்படவில்லை. இந்த ஊரில் அதற்குத்தான் மரியாதை.

மூவரும் இறங்குகிறார்கள். இறங்கும்போதும் உதடுகள் அசைகின்றன.

கோட்டை வாசல் குறுகல். ஏறுகிறவருக்காக இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கிறார். உள்ளே நுழையும்போது எல்லோரும் குனிகிறார்கள். இடிக்காத உயரமுள்ளவர்களும் குனிகிறார்கள். அப்பாவின் கையைப் பிடித்து வந்த நான்கு வயதுப் பெண் குழந்தையும் குனிகிறது.

மதில் கல்லின்மேல் கல். ஒட்டிப் பிடிக்கக் காரை இல்லை. தன் கனத்திலேயே நிற்கிறது. மேல்விளிம்பில்தான் செங்கல்லும் சுண்ணாம்பும். அங்கே வரிசையாகத் துப்பாக்கித் துளைகள். உட்பக்கம் அகலம், வெளிப்பக்கம் ஒடுக்கம். உள்ளே இருப்பவன் பார்க்கலாம். வெளியே இருப்பவன் பார்க்க முடியாது.

வருகிற எல்லோரும் துளையருகே வந்ததும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். ஒரு கண்ணை மூடுகிறார்கள்.

ஒரு துளைக்குள் கமலாலயக் குளம். படிக்கட்டில் ஒரு பையன் பொரியை உதிர்க்கிறான். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்.

அடுத்த துளைக்குள் ஒரு லாரிச் சேசிஸ். கேபின் இல்லை, பின்புறம் இல்லை. எஞ்சின், சக்கரம், ஒரு பலகை. பலகைமேல் ஓட்டுநர். தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. எலும்புக்கூடு ஒன்று போக்குவரத்து விளக்குக்குக் காத்திருக்கிறது. பாடி கட்டும் பட்டறைக்குப் போகிற வழி. சில வாரம் கழித்துத் திரும்பும்போது அதற்கு நெற்றியில் பெயர் இருக்கும், பம்பரில் எலுமிச்சம்பழம் இருக்கும்.

மூன்றாவது துளைக்குள் ஒரு மொட்டைமாடி. ஒரு பெண் வடகம் பிழிகிறாள். வெள்ளை வேட்டியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவள் நிமிரும்போதெல்லாம் ஒரு காகம் தள்ளிப் போகிறது. குனியும்போதெல்லாம் கிட்டே வருகிறது. இது வெகுநேரம் நடக்கிறது.

நான்காவது துளைக்குள் சிப்ஸ் பாக்கெட். யாரோ உருட்டி, அழுத்தி, ஆழத்தில் செருகியிருக்கிறார்கள். வெளியே எதிரி யாரும் இல்லை. வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

ஐந்தாவதில் ஓர் ஓணான். வெயில் காய்கிறது. கண்ணை மூடிக் குறிபார்த்தவர் திடுக்கிட்டுப் பின்வாங்குகிறார். கோட்டையின் இன்றைய முதல் வெற்றி.

காவலாளி மேலே வந்துவிட்டார். மூச்சு வாங்கவில்லை. விசில் ஒருமுறை ஒலிக்கிறது. மதில்மேல் கால் வைத்த இளைஞன் காலை எடுக்கிறான். செல்பிக் குச்சியை நீட்டிக்கொண்டிருந்தவன் மடக்குகிறான். எதுவும் செய்யாமல் நின்ற ஒருவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்கிறார்.

நடுவில் வரதராஜப் பெருமாள் கோயில். சிறியது. கொஞ்சம் தள்ளி ஒரு தர்கா. அதுவும் சிறியது. ஓர் அம்மாள் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுகிறார். காற்று அணைக்கிறது. மறுபடி ஏற்றுகிறார். காற்று அணைக்கிறது. மூன்றாம் முறை தர்காப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, தன் உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே வைத்து நிற்கிறார். தீ பிடிக்கிறது. அம்மாள் கும்பிடுகிறார். பெரியவர் கொல்லிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கற்பூரம் முடிந்ததும் போய்விடுகிறார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு மேல் டியூஷன் பிள்ளைகள். பதினைந்து பேர். வாத்தியார் கணக்கு எடுப்பவர். சட்டைப்பையில் இரண்டு பேனா. வரலாறு சொல்ல ஆரம்பிக்கிறார்.

“இத யாரு கட்டுனது, தெரியுமா?”

“திப்பு சுல்தான் சார்!”

“இல்ல. சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர்னு ஒரு கட்சி. மைசூர்ல இருந்து வந்த அதிகாரி லட்சுமிநரசய்யான்னு இன்னொரு கட்சி.”

“எது சார் கரெக்டு?”

வாத்தியார் மதிலைப் பார்க்கிறார். மதில் சொல்லவில்லை.

“ரெண்டையும் எழுதிக்க.”

ஒரு பையன் கையைத் தூக்குகிறான். “பீரங்கியெல்லாம் எங்க சார்?”

“எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“யாரு சார்?”

“வந்தவங்கெல்லாம்.”

வரலாறு இத்துடன் முடிகிறது. வாத்தியார் முகம் தெளிகிறது. மேற்கு மதிலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார். கீழே நரசிம்மர் கோயில் விமானம். பாறையைக் குடைந்த சன்னிதி. அதற்கு நேர் எதிர்ப்புறம், பாறையின் கிழக்கு முகத்தில், கார்க்கோடகன்மேல் பள்ளிகொண்ட ரங்கநாதர். இரண்டு குடைவரையும் எட்டாம் நூற்றாண்டு, அதியர் வேலை. கல்வெட்டில் குணசீலன் என்ற பெயர் இருக்கிறது. கோட்டை கட்ட வந்தவர்கள் வருவதற்கு எண்ணூறு ஆண்டுக்கு முன்பே பாறைக்குள் ஆள் குடியிருந்தாயிற்று.

வாத்தியார் அதையெல்லாம் சொல்லவில்லை. கோயிலை மட்டும் காட்டுகிறார்.

“நாமகிரித் தாயார் சன்னிதி அங்கதான். ராமானுஜன் குடும்பத்துக்குக் குலதெய்வம். கடல் தாண்டக் கூடாதுன்னு வீட்ல இருந்தாங்க. தாயார் கனவுல வந்து உத்தரவு குடுத்ததாச் சொல்வாங்க. 1914 மார்ச் 17. கப்பல் ஏறிட்டாரு.”

பதினைந்து தலைகள் மதிலுக்கு மேல் வரிசையாக. எல்லாம் கோயிலைப் பார்க்கின்றன.

“கனவுல கணக்கு வருமா சார்?”

“அவருக்கு வந்துச்சு.”

ஒரு பெண் பேனாவால் உள்ளங்கையில் தேதியை எழுதிக்கொள்கிறாள். பக்கத்துப் பையன் கண்ணை மூடிக் கைகூப்புகிறான். நாளைக்குத் திருப்புதல் தேர்வு.

இறங்கும் முன் வாத்தியார் தலைகளை எண்ணுகிறார். பதினான்கு. மறுபடி எண்ணுகிறார். பதினான்கு. முகம் வெளுக்கிறது. வாசலுக்கு வெளியே ஒரு குரல். “சார், நான் மொதல்லயே எறங்கிட்டேன்!” பதினைந்து.

உச்சி வெயில். பாறை சுடுகிறது. வெறுங்காலுடன் வந்த ஒருவர் நிழலிலிருந்து நிழலுக்குத் தாவுகிறார். பிறகு தாவ நிழல் இல்லை.

மதிலடியில் ஒரு முழ அகலத்துக்கு நிழல். காவலாளி அதற்குள் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறக்கிறார். தக்காளிச் சாதம். மூடியில் வேகவைத்த முட்டை ஒன்று. முட்டையைக் கல்லில் தட்டுகிறார். எந்தப் படைக்கும் விரிசல் விடாத கல். முட்டை விரிகிறது. ஓட்டைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து, சட்டைப்பையில், பூட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

கண் அயர்கிறது. நிழல் நகர்கிறது. கண்ணைத் திறக்காமலே அவரும் ஒரு சாண் நகர்கிறார். கால் மணி கழித்து இன்னொரு சாண்.

எதிர்மூலையில் கறுப்புக் குடை. மழைக்கு வாங்கியது. குடைக்குக் கீழே நான்கு பாதங்கள். இரண்டில் மருதாணி. ஓர் இயர்போனின் இரண்டு முனைகளும் குடைக்குள் பிரிந்து போகின்றன. ஒரு பாட்டு இரண்டு காதில் கேட்கிறது. வெளியே எதுவும் இல்லை.

காவலாளி விழிக்கிறார். குடையைப் பார்க்கிறார். விசில் வாயருகே போகிறது. நிற்கிறது. இறங்குகிறது. திரும்பிப் போய், யாரும் இல்லாத கிழக்கு மதிலருகே நின்று, கொல்லிமலையைப் பார்த்து ஓங்கி ஒருமுறை ஊதுகிறார்.

குடை மடிகிறது.

தெற்கே ரயில் ஹாரன். சேலம் – கரூர் பாதை. 2013-க்கு முன்னால் இந்த ஊருக்கு அந்தச் சத்தம் இல்லை. வெகுகாலம் கேட்டுக்கேட்டு, கடைசியில் வந்த சத்தம். இப்போது யாரும் தலையைத் திருப்புவதில்லை.

நான்கு மணிக்குப் பிறகு கூட்டம். வியாபாரமும் கூடுகிறது. பாறையடியில் வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய்ப் பத்தை, உப்பும் மிளகாய்த்தூளும். புதுமணத் தம்பதி. கழுத்துக் கயிற்றில் மஞ்சள் இன்னும் காயவில்லை. போட்டோக்காரன் இருவரையும் துளைக்கு இரு பக்கமும் நிறுத்துகிறான். மாப்பிள்ளை துளை வழியாகப் பெண்ணைப் பார்க்க வேண்டும். பெண் வெட்கப்பட வேண்டும். “இன்னொருக்கா வெக்கப்படுங்க.” ஏழுமுறை வெட்கப்படுகிறாள். எட்டாம் முறை சிரித்துவிடுகிறாள். அந்தப் படம்தான் நன்றாக வருகிறது. போட்டோக்காரன் அதை அழிக்கிறான்.

வடக்கு மூலையில் ஒரு தம்பதி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் போனை முகத்துக்கு வெகு கிட்டே பிடித்திருக்கிறார். போனில் மகன். மகனுக்குப் பின்னால் பனி மூடிய மலை. இன்ஸ்ப்ரூக். ஆஸ்திரியா. அங்கே நண்பகல்.

“எங்கடா நிக்கறே? காத்துச் சத்தமாக் கேக்குது.”

“டவர்ப்பா. ஊருக்கு நடுவுல. 1450 வாக்குல கட்டுனது. 133 படி ஏறி வந்திருக்கேன்.”

“எண்ணுனியா?”

“போர்டுல போட்டிருக்கு.”

கணவர் மனைவியைப் பார்க்கிறார். போர்டிலேயே போட்டிருக்கிறார்கள். சண்டைக்கு வழியே இல்லாத ஊர்.

மனைவி போனை வாங்குகிறார். திரையில் அவர் நெற்றியும் குங்குமமும் மட்டும். “கண்ணு, தலைக்கு எதாச்சும் போட்டுக்கிட்டியா?”

மகன் குல்லாயைத் தொட்டுக் காட்டுகிறான். பிறகு போனைத் திருப்புகிறான். கீழே குறுகிய தெரு, வண்ணவண்ண வீடுகள், பச்சைநிற ஆறு. ஒரு மாடத்தின்மேல் மட்டும் பளபளக்கும் கூரை.

“அது தங்கமா?”

“செம்புல தங்க முலாம்மா. 2,657 ஓடு.”

“அதையும் எண்ணி வெச்சிருக்காங்களா?”

“ம்.”

மனைவி சற்று யோசிக்கிறார். “ஒண்ணு காணாமப் போனா உடனே தெரிஞ்சிரும்.”

கணவருக்கு வேறு கேள்வி. “டிக்கெட் எவ்வளவு?” மகன் சொல்கிறான். கணவரின் உதடு அசைகிறது. ரூபாயாகப் பெருக்குகிறார். “ஒரு ஏத்தத்துக்கா?”

“அந்தக் காலத்துல இதுக்கு மேலதான்பா காவல்காரன் இருப்பான். ஊருல எங்கயாச்சும் தீப்பிடிச்சா அவன்தான் சத்தம் குடுக்கணும்.”

கணவர் போனைச் சுற்றுகிறார். மதில், துளைகள், கோயில், தர்கா. கடைசியில் காவலாளி. காவலாளி போனைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று விசிலைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பனிமலைக்கு முன்னால் நிற்கிற பையன் கையாட்டுகிறான். காவலாளியும் ஆட்டுகிறார்.

அழைப்பு அறுகிறது. கணவர் போனைச் சட்டைப்பையில் வைக்கிறார். மனைவி கிழக்கே பார்க்கிறார். கொல்லிமலைமேல் பனி இல்லை. இருவரும் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு மனைவி முந்தானையால் உட்கார்ந்த கல்லைத் துடைத்துவிட்டு எழுகிறார்.

வெயில் சாய்கிறது. பாறையடியில் ஒரு பெரியவரும் ஒரு பேரனும். பெரியவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பரமத்திப் பக்கம். பேரனுக்கு எட்டு வயது. ஒளிரும் விளக்கு வைத்த ஷூ.

முதல் படியில் பெரியவர் நிற்கிறார். செருப்பைக் கழற்றுகிறார். தோல்செருப்பு. இடது வார் அறுந்து, பச்சை வயரால் கட்டியது. இரண்டையும் ஒட்டி, பாறையோரமாக, முகம் ஊரைப் பார்த்து வைக்கிறார்.

“ஏன் அப்பாரு கழட்றீங்க?”

“மேல சாமி இருக்குது.”

“நான்?”

“உனக்கு லேஸ் கட்டத் தெரியாது. வா.”

ஏறுகிறார்கள். பேரனின் ஷூ ஒவ்வொரு படியிலும் சிவப்பாக மினுங்குகிறது. பெரியவரின் பாதம் குழிவில் பொருந்துகிறது. பாதிப் படியில் பெரியவர் நிற்கிறார். துண்டால் முகத்தைத் துடைக்கிறார். பேரன் பத்துப் படி மேலே போய்த் திரும்பி நிற்கிறான். இந்த இடைவெளி கடைசிவரை மாறவில்லை.

மேலே பேரன் மதிலைச் சுற்றி ஓடுகிறான். விசில். நடக்கிறான். ஒவ்வொரு துளையிலும் துப்பாக்கி வைக்கிறான். துப்பாக்கி அவன் ஆள்காட்டி விரல். ஒரு போர்வெல் ரிக் வண்டியைச் சுடுகிறான். திருச்செங்கோட்டு வண்டி. அது எதையும் கவனிக்காமல் எங்கோ வெளிமாநிலம் போகிறது. இரண்டு பேருந்தைச் சுடுகிறான். ஒரு முட்டை வண்டியைச் சுடுகிறான். “டமால்.” வாயாலேயே உடைக்கிறான்.

“அப்பாரு, சண்டை எங்க நடந்துச்சு?”

“எந்தச் சண்டை?”

“இங்க.”

பெரியவருக்குச் சண்டை தெரியாது. மேற்கு மதிலருகே அவனைத் தூக்கிப் பிடிக்கிறார். கீழே ஆஞ்சநேயர் கோயில். பதினெட்டு அடி. கூரை இல்லை. நரசிம்மரைப் பார்த்தபடி நிற்பவர்.

“ஆஞ்சநேயர் கண்டகி ஆத்துல இருந்து ஒரு சாளக்கிராமம் கொண்டாந்தாரு. கைக்குள்ள அடங்கற கல்லு. இந்தக் கொளத்தப் பாத்தாரு. எறங்குனாரு. கல்லக் கீழ வெச்சாரு. குளிச்சுட்டு வந்து தூக்குனாரு.”

“ம்.”

“வரல.”

“ஏன்?”

“மலையாயிருச்சு.”

பேரன் குனிந்து காலடியைப் பார்க்கிறான். ஷூவால் ஒருமுறை தட்டுகிறான். விளக்கு எரிகிறது. “இதா?”

“இதேதான்.”

“அப்ப வெச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டாரா?”

“மறக்கல. அங்கயே நிக்கறாரு, பாரு.”

பேரன் பார்க்கிறான். வெகுநேரம் பார்க்கிறான். பிறகு கேட்கிறான். “அங்க வடை குடுப்பாங்கல்ல?”

வடை என்றால் சாதாரண வடை இல்லை. தட்டையாக, மொறுமொறுப்பாக, துளையிட்டு, மாலை கோத்தது. மார்கழியில் ஆஞ்சநேயர் ஜெயந்திக்கு 1,00,008 வடை கோத்துப் போடுகிறார்கள். மற்ற நாளிலும் மாலைக்குக் குறைவில்லை. பாறை, பீரங்கி, பாளையக்காரர் எல்லாவற்றையும்விட அது கிட்டத்தில் இருக்கிறது. பேரன் பெரியவரின் கையைப் பிடித்து இழுக்கிறான்.

விசில் நீளமாக. இறங்கும் நேரம்.

போட்டோக்காரன் முக்காலியை மடிக்கிறான். தம்பதி இறங்குகிறார்கள். மடித்த குடையுடன் ஒருவன் முன்னால் போகிறான். ஐம்பதடி பின்னால் மருதாணிப் பாதங்கள் தனியே போகின்றன. காவலாளி மதிலைச் சுற்றி வருகிறார். சிப்ஸ் பாக்கெட்டைத் துளையிலிருந்து குச்சியால் எடுக்கிறார். ஓணான் இருந்த துளைக்குள் எட்டிப் பார்க்கிறார். இல்லை. கோயில் வாசலில் கற்பூரக் கரி. தர்கா வாசலில் ஊதுபத்திச் சாம்பல். வாசலில் குனிந்து வெளியேறுகிறார். இந்த வாசலில் ஒருநாளைக்கு எத்தனை முறை குனிகிறார் என்று கணக்கு இல்லை.

கீழே வந்து கம்பிக் கதவைச் சாத்துகிறார். பூட்டை எடுக்கிறார். முட்டை ஓட்டுப் பொட்டலமும் சேர்ந்து வருகிறது. அதைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது பார்க்கிறார்.

பாறையோரம் ஒரு ஜோடி செருப்பு. முகம் ஊரைப் பார்த்து. இடது வாரில் பச்சை வயர்.

பூட்டு கையிலேயே நிற்கிறது.

அண்ணாந்து பார்க்கிறார். மதிலின் விளிம்பு, அதற்குமேல் வானம். ஒருமுறை ஊதுகிறார். பாறை சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது. காத்திருக்கிறார். இன்னொருமுறை ஊதுகிறார்.

கம்மங்கூழ்க்காரர் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்கிறார். “என்னுங்க?”

“மேல ஆள் இருக்குது.”

“எல்லாரும் எறங்கியாச்சுங்களே.”

“செருப்பு இருக்குது.”

கதவைத் திறந்து மறுபடி ஏறுகிறார். இம்முறை மூச்சு வாங்குகிறது. டார்ச் வெளிச்சம் படிப்படியாக மேலே போகிறது. மதிலைச் சுற்றுகிறது. ஒவ்வொரு துளையிலும் ஒருகணம் வெளிச்சம் எட்டிப் பார்த்து மறைகிறது. கீழே கடைவீதியில் நின்ற ஒருவர் அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் நின்றவருக்குக் காட்டுகிறார். கோட்டை வெகுகாலத்துக்குப் பிறகு காவலில் இருக்கிறது.

இறங்கி வருகிறார். செருப்புக்குப் பக்கத்துக் கல்லில் உட்காருகிறார். தெருவிளக்குகள் எரிகின்றன. கம்மங்கூழ் வண்டி போய்விட்டது.

தெருவின் வளைவில் சிவப்பாக ஏதோ மினுங்குகிறது. அணைகிறது. மினுங்குகிறது. பக்கத்தில் வருகிறது. பேரன். கையில் எண்ணெய் ஊறிய காகிதம். பின்னால், கொஞ்சம் எட்டத்தில், கல் பொறுக்கிக் காலெடுத்து வைத்தபடி பெரியவர்.

“மாமா, எங்க அப்பாரு செருப்பு!”

பெரியவர் வந்து சேர்கிறார். மூச்சை நிதானப்படுத்திக்கொள்கிறார். “கோயில் வாசல்ல செருப்பு வாங்கப் போனனுங்க. டோக்கன் கேட்டாங்க. அங்க விட்டாத்தான டோக்கன் இருக்கும்.”

காவலாளி எதுவும் சொல்லவில்லை. டார்ச்சை அடித்துக் காட்டுகிறார். பெரியவர் வலது காலை நுழைக்கிறார். இடது காலை நுழைக்கிறார். பச்சை வயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார்.

பேரன் காகிதத்தை நீட்டுகிறான். அதில் இரண்டு வடை. ஒன்று கடித்தது. கடிக்காததைக் காவலாளி எடுத்துக்கொள்கிறார்.

கதவைப் பூட்டுகிறார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறார். எக்ஸெல்லின் சீட்டில் சாய்ந்து நின்று கடிக்கிறார். மிளகு தூக்கல்.